பூட்டாத களஞ்சியம்

கால் தடுக்கியது அவனுக்கு... உயிர் போனது அவளுடைய மடிக்கணினிக்கு.

ஏரியைப் பார்த்த நூலகச் சன்னலோரம் அது நடந்தது. வெளியே அக்டோபர் மழை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத சாம்பல் நிறம். மாரிட் ஹாகன் இரண்டு மணி நேரமாகத் திரையில் ஓடும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தொன்பது... எண்பது... எண்பத்தொன்று... அப்போதுதான் ஈரக் கோட்டோடு ஒருவன் வந்தான். தரையில் கிடந்த மின்கம்பியில் காலை விட்டான். பிளக் பிடுங்கிக்கொண்டது. பேட்டரி செத்துப்போய் ஆறு மாதமான அந்தக் கணினி, ஒரு பெருமூச்சுகூட விடாமல் இருண்டது.

அவள் நிமிர்ந்தாள். திட்டுவதற்காக வாயைத் திறந்தவள், ஒரு கணம் எதைத் திட்ட வந்தோம் என்பதையே மறந்துபோனாள். அந்தக் கண்கள்... வெளியே இருந்த ஏரியின் அதே நிறம். அதற்குள் நிஜமான கலவரம்.

"எண்பத்தொரு சதவீதம்," என்றாள் மெல்ல. "ரெண்டு மணி நேரம். உங்களுக்குக் காலை வைக்க வேற இடமே கெடைக்கலையா?"

"மன்னிச்சிடுங்க... கம்பி கிடந்ததைப் பாக்கல."

"பாக்காம நடக்கிறதுன்னா வீட்டுக்குள்ளயே நடக்கலாமே."

"வீட்டுலயும் இப்படித்தாங்க. அங்க பூனை திட்டும்."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

பெயர் ஆர்லோ நியெமி என்றான். கடல்போல விரிந்த அந்த ஏரியின் துறைமுகத்தில், இரும்புத்தாது ஏற்றும் கப்பல்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் ஒரு சிறு கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறவன். என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டான். பழைய ப்ராஜெக்ட் ஒன்றை இணையத்தில் உள்ள புதிய களஞ்சியத்துக்குக் குடிமாற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். என்ன ப்ராஜெக்ட் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது.

மாரிட் வேலை பார்த்தது ‘கரையொளி’ என்ற சிறு தொண்டு அமைப்பில். அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்த பெண்களையும் குழந்தைகளையும் நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் காரில் கூட்டிப்போகிற தன்னார்வலர்கள் அவர்கள். யார், எப்போது, எங்கே போக வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் மென்பொருள் பதினோரு வருடமாகத் தேவாலயத்தின் அடித்தளத்தில், ஒரு கிழட்டுக் கணினியில் இருந்தது. அது படுப்பதற்குள் எல்லாவற்றையும் இணையத்தில் உள்ள பாதுகாப்பான இடத்துக்கு ஏற்ற வேண்டும். வெறும் நிரலை மட்டுமல்ல. எந்த நாளில் யார் எந்த வரியை மாற்றினார்கள் என்ற பதினோரு வருட வரலாற்றையும் சேர்த்துத்தான். அந்த வேலையை நம்பி அவளிடம் கொடுத்திருந்தார் அமைப்பின் தலைவி டலோரஸ். எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்த பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் நம்பிக்கை அது.

ஆர்லோ முழங்காலிட்டு பிளக்கைச் செருகினான். கம்பி மறுபடி யார் காலிலும் சிக்காமல் இருக்கத் தன் கழுத்துத்துணியை அதன்மேல் விரித்து வைத்தான். கணினி விழித்தது. இறக்குமதியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். எந்த ப்ராஜெக்டுக்குள் இறக்க வேண்டும் என்று திரை கேட்டது. இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று, போன வாரம் பழகிப் பார்க்க அவள் உருவாக்கியது. அதில் நாலு சூப் செய்முறைகளைத் தவிர எதுவும் இல்லாததால், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்தே வைத்திருந்தாள். மற்றது, பூட்டு போட்ட நிஜமான இடம்.

"பொழச்சுக்கிச்சா?" என்று பக்கத்தில் நின்று கேட்டான் அவன். முடி நுனியிலிருந்து ஒரு துளி மழை அவன் இமையில் விழுந்தது... அவள் அதைப் பார்த்தாள். பார்த்தபடியே விரலை அமுக்கினாள்.

எண் ஓடத் தொடங்கியது.

அந்த இரண்டரை மணி நேரமும் அவன் போகவில்லை. காட்டரிசி சூப் இரண்டு கிண்ணம் வாங்கி வந்தான். நூறு சதவீதம் வந்ததும் இருவரும் சத்தம் வராமல் கைதட்டினார்கள். நாளைக் காலையும் இங்கேதான் வருவீர்களா என்று கேட்டான். வருவேன் என்றாள். தன் பெயரை அவள் சொல்லவில்லை... அவனும் கேட்கத் துணியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை நூலகம் திறப்பதற்கு முன்பே, வாசலில் நனைந்துகொண்டு நின்றான் ஆர்லோ. அவன் முகத்தைப் பார்த்ததுமே அவள் படியிலேயே நின்றுவிட்டாள். இது காதலோடு காத்திருக்கும் முகம் இல்லை.

"உங்க ப்ராஜெக்ட் திறந்து கெடக்கு," என்றான். "யார் வேணாலும் பாக்கலாம். உடனே மூடுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ப்ராஜெக்ட் பேரு திரையில தெரிஞ்சுது. நேத்து தேடிப் பாத்தேன்... வந்துடுச்சு." குரலைத் தாழ்த்தினான். "உள்ள ஒரு பட்டியல் இருக்கு. பெயரு, முகவரி. மேல நாலு வரிதான் பாத்தேன். மூடிட்டேன்."

பட்டியலா? அப்படி எதுவும் அதில் கிடையாதே... தூணோரம் உட்கார்ந்து, மடியிலேயே கணினியைத் திறந்தாள். பழைய பக்கங்களைப் புரட்டினாள். இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு தன்னார்வலர், வசதியாக இருக்கட்டும் என்று முகவரிப் பட்டியலை நிரலோடு சேர்த்து வைத்திருக்கிறார். தவறு என்று தெரிந்து மறுநாளே அழித்தும் இருக்கிறார். ஆனால் இந்தக் களஞ்சியங்களின் பிழைப்பே எதையும் மறக்காமலிருப்பதுதான். இன்று அழித்தது, நேற்றைய பக்கத்தில் அப்படியே இருக்கும். வரலாற்றோடு அதையும் சேர்த்துத்தான் அவள் வண்டியேற்றி, பூட்டாத வீட்டில் இறக்கியிருக்கிறாள்.

மூடினாள். பதினாறு மணி நேரம் திறந்து கிடந்திருக்கிறது.

"வேற யாராவது பாத்திருப்பாங்களா?"

அவன் தரையைப் பார்த்தான். "தெரியலீங்க."

நன்றி சொல்லத் தோன்றவில்லை அவளுக்கு. பயம் எப்போதும் கோபத்தின் சட்டையைத்தான் முதலில் எடுத்து மாட்டிக்கொள்ளும். "முன்னப்பின்ன தெரியாத பொம்பளையைப் பத்தித் தேடறது என்ன பழக்கம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மழையில் இறங்கி நடந்தாள். ஆனால் அந்தக் கோபத்தில் பாதி தன்மேல்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஏனென்றால் நேற்று மாலை அவளும் தேடியிருந்தாள். அவனுடைய கம்பெனிப் பக்கத்தைத் திறந்து, அவன் படத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இறக்கி முடித்த ப்ராஜெக்டை ஒருமுறை திறந்து, பூட்டு இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டிய நேரம் அது.

டலோரஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ஒன்றைத் தவிர.

டலோரஸ் சத்தம் போடுகிறவர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டியலைக் காட்டச் சொன்னார். பதினோரு முகவரிகளில் பத்தில் இப்போது அவர்கள் யாரும் இல்லை. பதினோராவதில் விரல் நின்றது. கொரீன். இரண்டு குழந்தைகள். அவளை ஆறு எலும்பு முறிய அடித்தவன் வசந்தத்தில்தான் சிறையிலிருந்து வெளியே வந்திருந்தான். அவள் எங்கே என்று ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருப்பதாகவும் கேள்வி.

"எத்தனை பேர் பாத்தாங்கன்னு தெரியுமாம்மா?"

தெரியும். அந்த இணையதளம் கணக்குக் காட்டும், பெயரைக் காட்டாது. மாரிட் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பார்த்தவர்கள் இரண்டு பேர். முழுப் பிரதி எடுத்தவர் ஒருவர்.

ஒருவன் ஆர்லோ. அப்படியானால் இன்னொருவன்? முழுவதையும் பிரதியெடுத்துக் கொண்டுபோனவன்?

டலோரஸ் நாட்காட்டியை இழுத்து வைத்துக்கொண்டார். முடிவைச் சொன்னார். திங்கள்கிழமை கொரீனை வேறு ஊருக்கு மாற்றிவிடுவது. அதுவரை ஒரு தன்னார்வலர் தம்பதி அந்த வீட்டுக்கு எதிரே காரில் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளி மாறும். சின்னவன் பேசாத குழந்தை. இரண்டு வருடத்துக்குப் பிறகு, இந்த மாதம்தான் ஓர் ஆசிரியையிடம் நாலு வார்த்தை பேசத் தொடங்கியிருந்தான். அதுவும் போகும்.

"என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க," என்றாள் மாரிட்.

"அனுப்பிட்டு? பெட்டி கட்ட ஆள் வேணாமா?" என்றார் டலோரஸ். அவள் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். அந்தத் தொடுதலில்தான் அவளுக்கு அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் பெட்டிகள் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொரீன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவள் அவள். சின்னவன் மட்டும், பெட்டியில் போட்ட புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தான். தெருவில் ஒரு காரின் விளக்கு சுவரில் ஊர்ந்து போனபோது, நாலு பேரும் மூச்சை நிறுத்தினார்கள். கார் நிற்காமல் போயிற்று. கர்த்தாவே, அந்த இன்னொருவன் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும்... அவனாக மட்டும் இருக்கக் கூடாது... வீடு திரும்பும் வழியெல்லாம் மாரிட் இதையேதான் சொல்லிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை காலை அவள் நூலகத்துக்குப் போனாள். வெட்கத்தை விழுங்கிக்கொண்டுதான். இந்த வித்தை தெரிந்தவர் என்று அவளுக்கு ஊரில் வேறு யாரையும் தெரியாது. அதே மேசையில் இருந்தான் ஆர்லோ. இரண்டு நாள் சவரம் செய்யாத முகம். அவள் எதிரே உட்கார்ந்து தன் பெயரைச் சொன்னாள். பிறகு, ஊரும் பேரும் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னாள். ஒரு அம்மா, இரண்டு குழந்தைகள், திங்கள்கிழமை. இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருவன் பிரதி எடுத்திருக்கிறான்.

"அந்த ஒருத்தன் யாருன்னு கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கா?"

அவன் முகத்தில் ரத்தம் வற்றுவது அவளுக்குத் தெரிந்தது. இரக்கம் என்று நினைத்துக்கொண்டாள். வழி இல்லை, எண்ணிக்கை மட்டும்தான் தெரியும் என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

எழுந்து வந்துவிட்டாள். அவள் வீடு கால்வாய்க்கு அப்பால், ஏரிக்குள் நீண்டு கிடக்கும் மணல் திட்டில். பாலத்தருகே வந்தபோது எச்சரிக்கை மணி அடித்தது. தாதுக் கப்பல் ஒன்று வந்துகொண்டிருக்க, அதற்கு வழிவிடப் பாலம் மெல்ல மேலே ஏறியது. இனி கால் மணி நேரத்துக்குப் போக வழியில்லை. மழைக் காற்று முகத்தில் அறைந்தது. பின்னால் ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது.

ஆர்லோ மூச்சிரைக்க நின்றான். கோட்டுக்குள் தன் மடிக்கணினியை அணைத்துப் பிடித்திருந்தான்.

"அந்தப் பிரதி என்னோடது," என்றான்.

கப்பல் ஊதியது. நீளமாக ஒன்று, குறுகலாக இரண்டு. பாலமும் அதே மாதிரி பதில் சொன்னது. அந்தச் சத்தம் அடங்கும்வரை இருவரும் அசையவில்லை.

"பஸ்ஸுல வரும்போது போன்ல பாத்தேன். வீட்டுக்குப் போய்க் கணினியில பாத்தேன். அதான் ரெண்டு பேருன்னு காட்டுது. ரெண்டும் நான்தான். இறக்குமதி ஏன் அவ்வளவு நேரம் இழுத்துச்சுன்னு கண்டுபிடிச்சு, காலையில உங்ககிட்டச் சொல்லலாம்னு முழுசா எடுத்தேன்... கம்பியைப் பிடுங்கினதுக்குப் பரிகாரமா. பட்டியலைப் பாத்ததும் அழிச்சிட்டேன். வேற யாரும் பாக்கல, மாரிட்."

"நேத்தே ஏன் சொல்லல?"

"பேரைத் தேடினதுக்கே அப்படிப் பாத்தீங்க. முழுசா எடுத்து வீட்டுல வெச்சேன்னு சொன்னா..." அவன் நிறுத்தினான். "பயந்துட்டேன்."

"நீங்க பயந்ததுக்கு அந்தப் புள்ள பெட்டி கட்டுது. நேத்து சாயங்காலம் நான் அந்த வீட்டுல இருந்தேன். வாசல்ல கார் போனா மூச்சு விடாம நிக்கிறாங்க. ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை சொல்லியிருந்தா போதும்."

அவன் கணினியை அவளிடம் நீட்டினான். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். யாருகிட்ட வேணாலும் காட்டுங்க. எங்க வந்து சொல்லணுமோ அங்க வந்து சொல்றேன். போலீஸா இருந்தாலும்."

அவள் வாங்கிக்கொண்டாள். கனமாக இருந்தது. அழுகையும் கோபமும் அவற்றுக்கு அடியில் ஒரு பெரிய ஆறுதலும் ஒன்றாக வந்தன. பிரதி எடுத்தது கொரீனைத் தேடுகிறவன் இல்லை. இவன்தான். பாலம் இறங்குவதற்குள் டலோரஸுக்குப் போன் செய்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவனை அடித்தளத்துக்கு வரச் சொல்லியிருந்தார் டலோரஸ். முன்னால் ஒரு தட்டில் சூடான உருளைக்கிழங்குப் பதார்த்தத்தை வைத்துவிட்டுத்தான் விசாரணையைத் தொடங்கினார். எத்தனை மணிக்குப் பார்த்தாய், எத்தனை மணிக்கு அழித்தாய், யாரிடமாவது சொன்னாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆர்லோ போனையும் கணினியையும் திறந்து, நிமிடம் தவறாமல் காட்டினான். மாரிட் அந்த நேரங்களைத் தன்னிடமிருந்த பதிவோடு ஒப்பிட்டாள். எல்லாம் பொருந்தியது.

"வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கணும்," என்றார் டலோரஸ்.

"ஆமாங்க."

"சனிக்கிழமை சொல்லிட்ட. சொல்லாமலே இருந்துடற ஆளுங்களைத்தான் நான் நெறயப் பாத்திருக்கேன். சாப்பிடு, ஆறிடும்."

பிறகு கொரீனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லி, முடிவை அவளிடமே விட்டார். பூட்டுகளை மட்டும் மாற்றித் தரச் சொன்னாள் கொரீன். தான் இங்கேயே இருப்பதாகச் சொன்னாள். பெரிய காரியங்களைக் கர்த்தர் பார்த்துக்கொள்கிறார். சின்ன வார்த்தைகளை உரிய நேரத்தில் சொல்லும் வேலையை மட்டும் மனிதர்களிடம் விட்டிருக்கிறார் போலும்.

டலோரஸ் மேலே போனார். மிச்ச வேலை இருவருக்கும் இருந்தது. பதினோரு வருட வரலாற்றிலிருந்து அந்தப் பட்டியலை வேரோடு பிடுங்க வேண்டும். அது நுழைந்த நாளிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி எழுதவைக்க வேண்டும். இணையத்தில் இருந்த ப்ராஜெக்டை அழித்துவிட்டு, புதிதாக ஒன்றை உருவாக்கி அதில் இறக்க வேண்டும். அவன் வழி சொன்னான், அவள் செய்தாள். விசைப்பலகையை அவன் தொடவே இல்லை. தேவையில்லாமல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனம் அவளுக்குத் தண்டனையாக இருந்தது... நூலகத்தில் பூனையைப் பற்றிச் சொன்னவன் எங்கே போனான்?

புதிய ப்ராஜெக்டுக்கான படிவம் வந்தது. ஒவ்வொரு கேள்வியையும் அவள் வாய்விட்டுப் படித்தாள். யார் பார்க்கலாம் என்ற இடத்தில் அவள் விரல் அப்படியே நின்றது.

"தைரியமா அமுக்குங்க, மாரிட். சரியாத்தான் இருக்கு," என்றான் மெதுவாக.

அமுக்கினாள். பூட்டின் படம் வந்தது. இறக்குமதி ஓடியது. முடிந்ததும் பட்டியலைத் தேடிப் பார்த்தாள். எந்த நாளின் பக்கத்திலும் இல்லை. இன்னொரு முறை தேடினாள். இல்லை.

ஆர்லோ கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். "அப்ப நான் கெளம்பறேன்."

வெள்ளிக்கிழமை காலை வந்த அதே பயம் அவளுக்கு... இல்லை, அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இவன் எல்லார் முன்னாலும் தன் வெட்கத்தைத் திறந்து வைத்துவிட்டான். தான் மட்டும் இன்னும் மூடி வைத்துக்கொண்டு, நல்லவள்போல உட்கார்ந்திருக்கிறோமே...

"இருங்க," என்றாள். "நானும் தேடினேன்."

"எதை?"

"உங்களை. வியாழக்கிழமை சாயங்காலம். உங்க கம்பெனிப் பக்கத்துல போட்டோ பாத்தேன். மூணு தரம்."

அவன் திகைத்தான். "அதுல நான் கண்ணை மூடிட்டிருப்பேனே."

"ஆமா. எப்பவாவது திறக்குமான்னுதான் மூணு தரம் பாத்தேன்."

சிரிக்க முயன்றாள், முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. "அந்த நேரத்துல பூட்டைப் பாத்திருக்கணும். பாக்கல. தப்பான இடத்தை அமுக்கினதும் அப்படித்தான்... திரையைப் பாக்காம உங்களைப் பாத்துட்டிருந்தேன். உங்களை மட்டும் திட்டிட்டு, என் பங்கை யாருகிட்டயும் சொல்லாம வெச்சிருக்கேன். உங்களைப் புடிச்சுப்போச்சு, ஆர்லோ. அதைச் சொல்ல இவ்வளவு பயமா இருக்கும்னு தெரியாது."

அவன் கோட்டை மறுபடி நாற்காலியில் போட்டான். அவள் பக்கத்தில், ஒரு கை தூரத்தில் வந்து நின்றான்.

"என் கண்ணுல மழைத்துளி விழுந்தப்ப நீங்க பாத்தீங்களே... எனக்கு அதுக்கு முன்னாலயே புடிச்சுப்போச்சு," என்றான். "பயத்துலதான் சூப் வாங்கவே போனேன்."

மேலே டலோரஸின் செருப்புச் சத்தம் கேட்டது. மாரிட் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இதை அவங்ககிட்டயும் சொல்லணும். எல்லாத்தையும்."

"என்ன சொல்வாங்க?"

"தெரியல..." படிக்கட்டைப் பார்த்தாள். கையை நீட்டினாள். "கூட வா."

அவன் பிடித்துக்கொண்டான். இருவரும் படியேறினார்கள்.